வரலாற்று உண்மையும் வழுவின் திசையும்

நடந்ததை நடந்தவாறே காட்டுவதன்றி வரலாற்றாசிரியனுக்கு வேறு பணி இல்லை என்ற கருத்தை ஜேர்மானிய அறிஞர் ராங்கே 1824 இல் முன்வைத்தார். 1961 இல் கேம்பிரிட்ஜில் ஈ. எச். கார் ஆற்றிய விரிவுரைகள் இந்நம்பிக்கையை அசைத்தன. ரூபிக்கன் ஆற்றைக் கடந்தோர் எண்ணற்றோர்; சீசர் கடந்ததையே வரலாறு பொருட்படுத்துகின்றது. ஆகவே, தெரிவு செய்பவன் வரலாற்றாசிரியனே என்றார் கார். இதனை மறுத்தல் அரிது. ஆயினும், தெரிவு தவிர்க்கவியலாதது என்பதிலிருந்து வரலாறுகள் யாவும் ஒருநிகரான புனைவுகளே என்ற முடிபுக்குத் தாவுவோர் பின்னர்ப் பெருகினர். கார் அவ்வாறு தாவவில்லை என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

இத்தாவலின் விபரீதத்தை, 2000 ஆம் ஆண்டில் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்ட வழக்கொன்று தெளிவாக்கிற்று. யூதப் படுகொலையை மறுப்பவர் எனத் தம்மைக் குறிப்பிட்டமைக்காக டேவிட் இர்விங் என்பவர், பேராசிரியை டெபோரா லிப்ஸ்டட் மீதும் பெங்குவின் பதிப்பகத்தார் மீதும் மானநட்ட வழக்குத் தொடுத்தார். எழுதியது உண்மையென நிறுவும் பொறுப்பு ஆங்கிலச் சட்டப்படி பிரதிவாதிகளுடையது. எனவே, அவர்கள் சார்பில் வரலாற்றாசிரியர் றிச்சர்ட் எவன்ஸ், இர்விங்கின் அடிக்குறிப்புகளை மூல ஆவணங்களுடன் ஒப்புநோக்கினார்.

1941 நவம்பர் 30 ஆம் திகதி ஹிம்லர் எழுதிய தொலைபேசிக் குறிப்பு, பேர்லினிலிருந்து அனுப்பப்பட்ட யூதர் தொகுதி ஒன்றைக் கொல்லலாகாது என்கின்றது. இர்விங் அதனை யூதர் எவரையும் கொல்லலாகாதென்ற பொது ஆணையாக்கினார். (அத்தொகுதியினர் ஏறத்தாழ ஆயிரவரும் அக்குறிப்புக்கு முன்னரே றீகாவில் சுடப்பட்டிருந்தனர்.) மறுநாட் குறிப்பிலோ, எஸ்.எஸ். நிர்வாகத் தலைவர்கள் தங்கியிருத்தல் 'வேண்டும்' எனப் பொருள்தரும் சொல்லை, அவர் 'யூதர்' என வாசித்தார். டிரெஸ்டன் குண்டுவீச்சில் இறந்தோர் 202,040 பேர் என்ற ஆவணத்தையும் அவர் பரப்பினார். அது 20,204 என்ற மூல எண்ணுடன் ஒரு பூச்சியம் கூட்டப்பட்ட போலி.

பழங் கையெழுத்தைப் பிழைபட வாசித்திராத ஆய்வாளர் எவருமிலர். ஆனால், கவனக்குறைவால் நேரும் வழுக்கள் இரு பக்கமும் சாயும். இர்விங்கின் வழுக்களோ ஹிட்லரின் குற்றத்தைக் குறைக்கும் ஒரே திசையிற் குவிந்தன என ஏப்ரல் 11 இல் நீதிபதி சார்ள்ஸ் கிறே தீர்ப்பளித்து வழக்கைத் தள்ளினார். கவனிக்கத்தக்கது யாதெனில், நோக்குநிலை கொண்டிருந்தமை இங்கே குற்றமாக்கப்படவில்லை. எவன்ஸுக்கும் நோக்குநிலை உண்டு. தன் கொள்கைக்கு ஊறு செய்யும் சான்றை அதன் இடத்தில் நிற்கவிடும் நேர்மையே புறநிலைநோக்கு எனின், அது எட்டாக்கனியன்று. அடிக்குறிப்புத் தோறும் சோதிக்கத்தக்கது.

ஆயினும், இச்சோதனை ஆவணம் எஞ்சிய இடத்திலேயே செல்லும். எழுத்தில் எதனையும் விட்டுச்செல்லாத அடிமைகளையும் குடியானவரையும் பற்றிய மௌனம் எத்திசையிற் சாய்கின்றது என்பதை எந்த மூலத்துடன் ஒப்பிடுவது? அங்கே கார் எழுப்பிய தெரிவுப் பிரச்சினை முழு வலிமையுடன் மீண்டும் எழுகின்றது.