ஈகையும் விருந்தோம்பலும்: திருவருகைக் காலச் சிந்தனை

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலத்தைத் திருச்சபை திருவருகைக் காலம் என வழங்குகின்றது. வரவிருப்பவரை எதிர்நோக்கிக் காத்திருத்தலே அதன் பொருள். அக்காலத்திற் பல சபைகளில் அரிசியும் ஆடையும் பணமும் சேர்க்கப்பட்டு வறியோர் இல்லங்களுக்கு அனுப்பப்படுகின்றன. இவ்வழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், இவ்வாறு வழங்கும் சபை மெய்யாகவே ஒருவரது வருகைக்கு ஆயத்தமாகின்றதா, அன்றி எவரும் உள்ளே வாராதபடி வாயிலிலேயே பொருளைக் கொடுத்து அனுப்பிவிடுகின்றதா என்னும் வினா ஆராயற்பாலது.

ஈகையும் விருந்தோம்பலும் ஒன்றெனவே பலராலும் கருதப்படுகின்றன. திருக்குறள் இரண்டையும் இல்லறவியலுள் அடக்கினும், விருந்தோம்பலை 9ஆம் அதிகாரத்திலும் ஈகையை 23ஆம் அதிகாரத்திலும் வேறுவேறாக வைத்தே பேசுகின்றது. ஈகையிற் பொருள் இடம் பெயர்கின்றது. கொடுப்போரும் கொள்வோரும் தத்தம் இடத்திலேயே நிற்றல் கூடும். விருந்தோம்பலிலோ மனிதர் இடம் பெயர்கின்றனர். புறத்தே நின்றவர் அகத்தே வருகின்றார். ‘விருந்து’ என்னுஞ் சொல் பழந்தமிழிற் புதுமையைக் குறித்தது. புதிதாய் வந்தவரே விருந்தினர். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் விருந்தோம்பலைக் குறிக்கும் ‘பிலொக்செனியா’ என்னுஞ் சொல்லும் அந்நியரிடத்து அன்பு என்றே பொருள்படும். ஆகவே, அறிந்தோரையும் உறவினரையும் அழைத்து உண்பித்தல் மட்டும் இவ்விரு சொற்களின் முழுப்பொருளையும் நிறைவு செய்யாது.

ஒரே கூரையின் கீழ்க் கூடுதலும் விருந்தோம்பலாகிவிடாது. கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் இதற்குச் சான்று. ஆண்டவரின் இராப்போசனத்துக்கெனக் கூடிய இடத்திலே சிலர் தம் உணவை முந்தி உண்டு களித்திருக்க, வேறு சிலர் பசியோடிருந்தனர். பவுலைச் சினங்கொள்ளச் செய்தது உணவின் பற்றாக்குறையன்று, இல்லாதவர் வெட்கத்துக்குள்ளாக்கப்பட்டமையே. ஈழத்துத் தமிழர்க்கும் இது அயலான செய்தியன்று. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி வேற்றுமையை எதிர்த்து நின்றது. அக்காலத்திற் பாடசாலைகளில் எழுந்த சம ஆசனம், சம போசனம் என்னுங் கோரிக்கைகள் உணவை வேண்டியவையல்ல. உடனிருந்து உண்ணும் உரிமையை வேண்டியவை. அவற்றுக்கு எதிர்ப்பு வலுத்தமை, கொடுப்பதினும் உடனிருத்தலே மனிதர்க்கு அரிது என்பதைப் புலப்படுத்துகின்றது.

திருவருகைக் காலத்தின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே கோல் நாட்டின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டினின் விழா நாளாகிய நவம்பர் 11 தொடக்கம் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பினை ஏற்படுத்தினார். இந்நோன்பு திருவருகைக் காலத்தின் முன்னோடிகளுள் ஒன்றாகும். அந்த மார்ட்டின், குளிரில் நடுங்கிய இரவலர் ஒருவருக்குத் தம் மேலாடையை இரண்டாக வெட்டிப் பாதியை ஈந்தவர் எனச் சுல்பிசியுஸ் செவேருஸ் எழுதிய வரலாறு கூறும். அவர் மிகுதியாயிருந்த வேறோர் ஆடையைக் கொடுத்தாரல்லர். பகிர்ந்தபின் இருவரும் பாதி ஆடையராயினர். கொடுத்தல் அவ்விடத்துக் கொடுத்தவரின் நிலையையும் மாற்றிற்று.

பசித்தவருக்கு வேண்டுவது சோறேயன்றி ஆசனமன்று. மதிப்பைப் பற்றிப் பேசுதல் வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு என ஒருவர் மறுத்துரைக்கலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. சோறு முந்த வேண்டும். அதனைத் தாமதப்படுத்தும் தத்துவம் அறமாகாது. ஆனால், சோற்றோடு நின்றுவிடும் சபை, வறியோரை என்றென்றும் வாங்குவோராகவே நிறுத்திவிடுகின்றது. வாங்குவதற்கு மட்டும் உரியவராக ஒருவரை வைத்திருத்தலும் ஒருவகை இழிவுபடுத்தலே. எருசலேமின் வறியோருக்காகப் பவுல் பொருள் சேர்த்தபோது, தாமே வறுமையுற்றிருந்த மக்கெதோனியச் சபையார் தமக்கும் அப்பணியிற் பங்கு வேண்டுமென மன்றாடினர் எனக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரம் கூறுகின்றது. கொடுத்தல் அவர்களுக்குச் சுமையாகத் தோன்றவில்லை. தமக்கு மறுக்கப்படக்கூடாத உரிமையாகவே தோன்றிற்று.

லூக்கா நற்செய்தியின் எம்மாவு நிகழ்ச்சி இதனினும் ஆழமானது. வழியிற் சந்தித்த அந்நியரைச் சீடர் இருவர் தம்முடன் தங்குமாறு வருந்தி அழைத்தனர். பந்தியில் அமர்ந்ததும் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்தவர் விருந்தினரே. அவ்வேளையிலேதான் அவர் யார் என்பதை அவர்கள் அறிந்துகொண்டனர். அழைத்தவர் பெறுவோராயினர், அழைக்கப்பட்டவர் வழங்குவோராயினார். விருந்தோம்பலின் நிறைவு இம்மாற்றத்திலேயே உள்ளது.

ஆதலின், திருவருகைக் காலத்திலே ஒரு சபையின் தாராளத்தை அது அனுப்பிய பொதிகளின் எண்ணிக்கையால் அளத்தல் போதாது. டிசம்பரிற் பொதியைப் பெற்ற குடும்பத்துக்குத் தை மாதத்து வழிபாட்டிலே இருக்கை உண்டா, அக்குடும்பத்தார் சமைத்ததை ஏனையோர் தயக்கமின்றி உண்பார்களா, சபையின் கருமங்களைத் தீர்மானிக்கும் கூட்டத்திலே அவர்களது சொல்லும் ஏறுமா என்பனவே உரிய அளவுகோல்கள். சத்திரத்தில் இடமின்மையாற் புறத்தே பிறந்த ஒருவரை எதிர்நோக்கியிருப்பதாகச் சொல்லும் சபை, தன்னிடத்தில் யாருக்கு இடமில்லை என்பதை முதலில் அறிதல் கடன்.