எளிமையும் எளிதும்

மொழியைப் பிழையறக் கையாள விரும்புவோர் முதற்கண் கற்பது ஒலியொத்த சொற்களின் வேறுபாட்டையாகும். ‘கரி’ அடுப்பில் எரிவது. ‘கறி’ அடுப்பின்மேல் வேவது. ‘வெல்லம்’ பாயசத்திற்கு ஆவது. ‘வெள்ளம்’ ஊரை அழிப்பது. ‘பொரி’ நாம் கொறிப்பதற்கு. ‘பொறி’ எலியைப் பிடிப்பதற்கு. ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் பொருள் தலைகீழாகும் என்று பள்ளியாசிரியர் காதைத் திருகிச் சொல்லித்தந்த பாடம் எளிதில் மறக்கக்கூடியதன்று. இத்தகைய பிழைகள் கண்ணுக்குப் புலனாவன. ஆகவே திருத்தமும் பெறுவன.

எழுத்திலே பிழையின்றிக் கருத்திலே மயங்கும் சொற்களும் சில உண்டு. அவற்றைத் திருத்த ஆசிரியரும் இல்லை. அச்சுப் படியைத் திருத்துவோரும் இல்லை. ‘எளி’ என்னும் ஒரு வேரில் கிளைத்த மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். ‘எளிது’ என்பது மிகுந்த முயற்சி வேண்டாதது. ‘எளிமை’ என்பது ஆரவாரம் இல்லாதது. ‘எளியர்’ என்போர் பொருளும் வலிமையும் இல்லாதோர். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. ஆயினும் குணத்தால் வேறானவை. இம்மூன்றையும் ஒன்றாக எண்ணி மயங்குவதனால், அன்றாட வாழ்வில் அறக்கேடு ஒன்று அறக்கேடென்று தெரியாமலேயே நிலைத்துவிடுகின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு உரிய களமாக நாம் கொள்வது அன்றாட வாழ்வின் சிறிய இன்பங்களை. ‘சிற்றின்பம்’ என்று எழுதக் கை அஞ்சுகின்றது. அச்சொல்லை நூலோர் வேறு பொருளுக்கென்றே ஒதுக்கிவிட்டனர்! நாம் குறிப்பது, காலையில் நுரை ததும்பும் காப்பி, மழைநாளில் சூடான ரசஞ்சோறு, நண்பகலில் அலுவலக மேசைமேல் திறக்கும் சாப்பாட்டு அடுக்கிலிருந்து எழும் எலுமிச்சைச் சோற்றின் மணம் போன்றவற்றையே.

அண்டை வீட்டுச் சொற்கள்

பெங்களூரில் வாழும் தமிழருக்குச் சொல் மயக்கம் நாள்தோறும் நேர்வது. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது என்பர் மொழிநூலார். நம் பால் அங்கே ஹாலு, பூ, ஹூவு, பள்ளி, ஹள்ளி. இவ்விதியை அறிந்த மகிழ்ச்சியில் ஒருவர் கடைக்குச் சென்று, புளி வேண்டுமென எண்ணி ‘ஹுளி’ கேட்டால், கடைக்காரர் விழிப்பார். கன்னட வீடுகளில் ஹுளி என்பது புளிப்புச் சுவையையும், பருப்பும் காயும் சேர்த்துச் செய்யும், நம் சாம்பாரை ஒத்த குழம்பையும் குறிக்கும். கடையில் விற்கும் புளிக்கோ ‘ஹுணசெ’ என்று பெயர்.

சாறு என்னும் சொல்லின் கதை இன்னும் சுவையானது. ரசத்தை ‘மிளகுசாறு’ என்றே வழங்குதல் வேண்டும் எனத் தனித்தமிழ் அன்பர்கள் கூறுவர். கூறிய பின் வீட்டிற்குச் சென்று ரசமே கேட்பர். அண்டை வீட்டுக் கன்னட அம்மையாரோ எம்முயற்சியும் இன்றி நாள்தோறும் ‘சாரு’ என்றே சொல்லிப் பரிமாறுகின்றார். நாம் தேடும் சொல் அடுத்த வீட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கின்றது! அதே மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயர் நாவில் ‘முல்லிகடானி’ ஆகி, இறைச்சியும் சேர்ந்த கெட்டிச் சாறாக மாறி, கடல் கடந்து சென்றதும் வரலாறு.

மார்கழி, தை மாதங்களில் மாகடிப் பக்கத்திலிருந்து வந்து இந்நகரத்துத் தெருக்களில் குவியும் ‘அவரெகாயி’யும் புதிதாக வந்த தமிழரை மயக்கும். நாம் அவரைக்காய் என்பது தோலோடு நறுக்கிப் பொரியல் செய்வதற்குரியது. இவர்கள் அவரெ என்பதோ நம் மொச்சை. தோலை எறிந்து பருப்பைக் கொள்வர். இரண்டும் ஒரே கொடியினத்தின் வகைகள் என்பது தாவர நூலார் துணிபு. ஆகவே மயங்கியவரையும் முற்றிலும் குறை கூறுவதற்கில்லை.

இம்மயக்கங்களால் எவருக்கும் தீங்கில்லை. சிறிது நகைப்போடு முடிந்துவிடும். நாம் முன்னர்க் கூறிய மூன்று சொற்களின் மயக்கம் அத்தகையதன்று.

களியும் களியும்

தமிழில் ‘களி’ என்னும் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது ஒரு பொருள். கிண்டி எடுத்த உணவு என்பது மற்றொன்று. சிறை சென்றவனைக் ‘களி தின்கிறான்’ என்பதும் உலக வழக்கு. இன்பத்திற்கும் உணவுக்கும் தண்டனைக்கும் ஒரு சொல்லே அமைந்தது வியப்பன்றோ?

கேழ்வரகுக் களியைக் கன்னடர் ‘ராகி முத்தெ’ என்பர். கருநாடகத்தின் தென்பகுதியில் உழவரின் உடலுக்கு உரமூட்டி வந்த உணவு அது. இன்று நகரத்து உணவகங்களில் வசதியுள்ளோர் அதனை விரும்பி உண்கின்றனர், மருத்துவரும் பரிந்துரைக்கின்றனர். நல்லதே. ஆயினும் நெல்லரிசி கிடைத்தும் களியைத் தேர்ந்து உண்பவரின் களி வேறு. அரிசி வாங்க இயலாமையால் மூன்று வேளையும் அதையே உண்டவரின் களி வேறு. சிறையில் தட்டில் விழும் களி வேறு. மாவும் நீரும் ஒன்றே. வேறுபாடு, உண்பவருக்குத் தெரிவு உண்டா இல்லையா என்பதில் உள்ளது. தெரிவு உள்ள இடத்தில் அது எளிமை. தெரிவு இல்லாத இடத்தில் அதனை எளிமை என்று புகழ்வது, எளியரின் வாயை அடைக்கும் செயலாகும்.

இந்நகரத்தின் பெயரைப் பற்றி வழங்கும் கதையே இதற்குச் சான்று. 1173 முதல் 1220 வரை ஆண்ட போசள வேந்தன் இரண்டாம் வீரவல்லாளன் வேட்டையாடச் சென்று வழிதவறிப் பசியால் களைத்தானாம். குடிசையில் இருந்த மூதாட்டி ஒருத்தி அவனுக்கு வெந்த பயற்றை அளித்தாளாம். அதனால் இவ்விடம் ‘பெந்தகாளூரு’, அதாவது வெந்த பயற்றின் ஊர், எனப் பெயர் பெற்றுப் பின்னர்ப் பெங்களூரு ஆயிற்றாம். வரலாறு இதனை ஏற்பதில்லை. வல்லாளனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட, கி.பி. 890 அளவினதாகிய பேகூர் நடுகற் கல்வெட்டிலேயே ‘பெங்களூரு’ என்னும் பெயர் காணப்படுகின்றது.

கதை பொய்யாயினும் மக்கள் அதனைக் கைவிடவில்லை. பேரரசன் ஒருவன் ஒரு பிடிப் பயற்றில் நிறைவு கண்டான் என்னும் கருத்து நெஞ்சிற்கு இனிக்கின்றது. எனினும் அக்கதையை மறுபுறமிருந்து ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேந்தனுக்கு அப்பயறு ஒரு நாள் எளிமை. மறுநாள் அரண்மனை உணவு காத்திருந்தது. மூதாட்டிக்கோ அதுவே மறுநாளைய உணவாகவும் இருந்திருக்கலாம். கதை வேந்தனின் பெயரைச் சொல்கின்றது. பயற்றுக்கும் ஊர்ப்பெயரில் இடம் தருகின்றது. விறகு தேடி, நீர் சுமந்து, அதனை வேகவைத்தவளின் பெயரை மட்டும் அது சொல்லவில்லை.

உவகையின் இலக்கணம்

எளிய இன்பமே சிறந்த இன்பம் என்று முறையாக வகுத்துக் கூறியவர்களுள் முதன்மையானவர் கிரேக்க அறிஞர் எபிகூரசு (கி.மு. 341–270). ஏதென்சு நகரத்தில் ஒரு தோட்டம் அமைத்து நண்பர்களோடு வாழ்ந்தவர். ரொட்டியும் நீரும் அவருக்குப் போதுமானவை. சிறிது பாலாடைக்கட்டி கிடைத்தால் அதுவே விருந்தென்று மடல் எழுதினார் என்பர். அவர் பெயரால் வழங்கும் ஆங்கிலச் சொல் இன்று நாவின் சுவைக்கு அடிமையானவரைக் குறிப்பது, சொல் மயக்கத்திற்கு உலகம் தந்த பெரிய எடுத்துக்காட்டு!

அவருடைய இறுதி விருப்ப ஆவணமும் நமக்குக் கிடைத்துள்ளது. அதிலே தம் அடிமைகளுள் மூன்று ஆடவரையும் ஒரு பெண்ணையும் அவர் விடுதலை செய்கின்றார். அக்காலத்தில் அது பெருந்தன்மையே, ஐயமில்லை. எனினும் எளிய ரொட்டியின் இன்பத்தை உலகிற்கு உரைத்த தோட்டத்திலும் ஏவல் செய்வதற்கு அடிமைகள் இருந்தனர் என்பதையும் அதே ஆவணம் நமக்கு உணர்த்துகின்றது.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என்கின்றார்: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. நாவின் சுவை புலனுள் அடங்கும். அங்ஙனம் கூறுங்கால், அல்லல் நீங்கியதே உவகை என்னும் கருத்துப்பட ஓர் அடைமொழியும் தருகின்றார். எவருடைய அல்லல்? துய்ப்பவருடைய அல்லல் நீங்கினால் போதுமென்று கொள்ளலாம். துய்ப்பதற்குரியதைப் படைத்தவருடைய அல்லலும் நீங்கியிருத்தல் வேண்டும் என்றும் கொள்ளலாம். இரண்டாவது பொருளே அறத்திற்குப் பொருந்துவது என்பது நம் கருத்து.

அடுக்களைக் கணக்கு

இனி, எளிமைக்கும் எளிதிற்கும் உள்ள மயக்கத்தைக் காண்போம். முன்னர்க் கூறிய மொச்சைப் பருவத்தில் இங்கே ‘ஹிதகித பேளெ’ என்றொரு குழம்பு செய்வர். நம் வடார்க்காட்டு ஊர்களிலும் அதனைப் பிதுக்குப் பருப்பு என்பர். இலையில் விழும்போது அது மிக எளிய உணவு. ஒரு கரண்டிக் குழம்பு, அவ்வளவே. ஆனால் அது இலைக்கு வரும் வழியைப் பாருங்கள். காயை உரித்தல் வேண்டும். பருப்பை நீரில் ஊறவைத்தல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு பருப்பாக விரலிடையே பிதுக்கித் தோலை நீக்குதல் வேண்டும். ஒரு வீட்டார் உண்பதற்குப் பல நூறு முறை விரல்கள் பிதுக்குகின்றன. உண்பதற்குக் கால் மணி. உண்டாக்குவதற்கு அரை நாள். உணவு எளிமையானது, வேலை எளிதன்று.

‘வீட்டில் ஒன்றும் பெரிதாக வேண்டா; ஒரு ரசம், ஒரு துவையல் போதும்’ என்று நாம் சொல்லும்போது, நம் எளிமையை நாமே மெச்சிக்கொள்கின்றோம். அந்த ‘ஒரு ரசம்’ ஊறவைத்தல், கரைத்தல், வறுத்தல், இடித்தல், பொங்குமுன் இறக்குதல், தாளித்தல் என்னும் ஆறு வினைகளால் ஆனது. சொல்பவர் நாவிலே அது ஒரு சொல்; செய்பவர் கையிலே ஆறு வினை.

கணக்கெழுதிப் பழகிய நமக்கு எண்களே நம்பிக்கை தருவன. நடுவணரசின் புள்ளியியல் துறை நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 2019ஆம் ஆண்டில் ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டின் ஆய்வில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்தாண்டில் இருபாலார்க்கும் ஏறத்தாழப் பத்து நிமிடம் குறைந்தது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆயிற்று! அலுவலகத்தில் எட்டு மணி நேரம் பணியாற்றுவோர்க்கு வார விடுமுறை உண்டு; ஓய்வூதியத்திற்கும் விதி உண்டு. அடுக்களையில் பணியாற்றுவோர்க்கு ஞாயிற்றுக்கிழமையே வேலை மிகுந்த நாள்.

‘அன்பினால் செய்வதை வேலை என்று கணக்கிடலாமா? பிறர் உண்ணக் கண்டு மகிழ்வதும் ஓர் இன்பமன்றோ?’ என்று சிலர் வினவக்கூடும். வினா நேர்மையானதே. ஊட்டி மகிழும் இன்பம் மெய்யானது. அதனை மறுப்போர் தாயன்பை அறியாதோர். ஆயினும் களிக்குக் கூறிய அதே அளவுகோலை இங்கும் வைத்துப் பார்த்தல் வேண்டும். ‘இன்று என்னால் இயலாது’ என்று சொல்லும் உரிமை உள்ளவர் சமைத்தால், அது அன்பின் கொடை. அவ்வாறு சொல்ல வாய்ப்பே இல்லாதவர் சமைத்தால், அதிலும் அன்பு இருக்கலாம்; ஆனால் அந்த அன்பைக் காட்டி நம் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள நமக்கு உரிமை இல்லை.

ஆதலால் சிறிய இன்பங்களைத் துறந்துவிட வேண்டுமென நாம் கூறவில்லை. காப்பியின் மணத்தையும் ரசத்தின் சூட்டையும் வெறுத்து எய்தும் அறம் எதுவும் இல்லை. அவை இல்லையேல், கோப்புகளுக்கும் பேருந்து நெரிசலுக்கும் இடையே கழியும் நம்மனோர் வாழ்வில் எஞ்சுவது என்ன? நாம் வேண்டுவது ஒன்றே. எளிமையைப் போற்றுவோர் அது எளிதாக வந்ததென்று எண்ணாதிருத்தல் வேண்டும். எளியரின் இல்லாமைக்கு எளிமையென்று பெயர் சூட்டாதிருத்தல் வேண்டும். அரை நாள் பருப்புப் பிதுக்கும் வேலையில் வீட்டிலுள்ள எல்லாருடைய விரல்களும் கூடினால், அது ஒரு மணி நேர உரையாடலாகிவிடும். அப்போது இன்பமும் இலைக்கு வருமுன்னரே தொடங்கிவிடும்.

இதனைப் படிக்கும் அன்பர்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள ஒரு வினா உண்டு. தாயார் சமைத்தவற்றுள் நமக்குப் பிடித்தவை எவை என்று கேட்டால், நம்மில் எவரும் பத்துப் பெயர்களைத் தடையின்றிச் சொல்லிவிடுவோம். அத்தாய்க்குப் பிடித்த உணவு எது? இன்று நம் வீட்டில் சமைப்பவருக்குப் பிடித்தது எது? அதனை அவருக்காக வேறொருவர் சமைத்து அவர் அமர்ந்து உண்ட நாள் எது? விடை தெரிந்தோர் பேறு பெற்றோர். தெரியாதோர் இன்று மாலையே கேட்டறியலாம்; அது எளிது.