மறைத்துக் கற்கும் கல்வி

போட்டித் தேர்வுக்குக் குழந்தையை ஆயத்தம் செய்யும் பெற்றோர் மதிப்பெண்ணை எண்ணுகின்றனர். அம்முயற்சியில் குழந்தையின் உள்ளத்தில் சேரும் வினையை எண்ணுவதில்லை.

வாலிகண்டபுரத்தில் எட்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்திக்கு, தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வின் பொருட்டு மாலைதோறும் பாடம் சொல்லி வந்தேன். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்க்குரிய இத்தேர்வில் மனத்திறன் வினாக்கள் 90, பாட வினாக்கள் 90. தேர்வு பெற்றோர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ. 12,000 கிடைக்கும். தமிழ்நாட்டிற்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695. கூலி வேலை செய்யும் இல்லங்களில் பெண்ணின் படிப்பு தொடர்வதும் நிற்பதும் சில வேளை அத்தொகையைப் பொறுத்தே அமைகின்றது.

ஒருநாள் அவளுடைய தோழி கணக்கொன்றில் ஐயம் கேட்க வந்தாள். இவளோ குறிப்பேட்டைக் கையால் மூடிக்கொண்டாள். "இருக்கிற இடம் கொஞ்சந்தான் டீச்சர், யாருக்கும் காட்டாதேன்னு அம்மா சொன்னாங்க" என்றாள். அத்தாய் அவ்வாறு சொல்லியிருந்ததை நான் முன்னரே அறிவேன். அறிந்தும் வாளாவிருந்தது என் குற்றம்.

இது பொய்யன்று, களவுமன்று; இதில் தீங்கென்ன என்று தோன்றலாம். ஆயின் உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், அறிந்ததை ஒளித்தலும், பொறாமையால் கற்பிக்காது விடுதலும், பிறர் கல்விக்கு இடையூறு செய்தலும் ஞானாவரணீய கர்மம் ஊறுவதற்குக் காரணங்கள் என்கிறார். பிறர் அறிவைத் தடுப்பவர் தம் அறிவையே மறைத்துக்கொள்கின்றனர்.

கற்பிக்கும் அனுபவமும் இதற்குச் சான்று. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஆசிரியர்பால் கேட்டலால் வருவது கால் பங்கு, உடன்கற்பாரோடு பயிறலால் மற்றொரு கால், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப் பங்கு எனப் பகுத்துக் காட்டினார். ஏட்டை மூடியவள் முக்காற் பங்கை இழந்தாள்.

"தோழிக்குக் கிடைச்சு என் பெண்ணுக்குக் கிடைக்காமப் போனா?" என்று அத்தாய் என்னிடம் கேட்டார். அவ்வாறு நேராது என்று உறுதி கூற என்னால் இயலவில்லை. நேர்ந்தால் இழப்பு பெரிதுதான். எனினும் உதவித்தொகை நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். பதின்மூன்று வயதில் படிந்த பொறாமை முதுமைவரை உடன்வரும் என்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் தம் மகளோடு தோழியையும் அழைத்து வந்தார்.

இப்பொழுது இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து ஒருவர்க்கொருவர் கணக்கை விளக்குகின்றனர். முடிவு எதுவாயினும் ஆகுக. "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்கும் பெற்றோர், "இன்று யாருக்குச் சொல்லிக் கொடுத்தாய்?" என்றும் நாள்தோறும் கேட்பாராக.

அறம் வளர்க!