‘நம்ம டீம்’ என்பதற்கு எல்லை எது?



ஐபிஎல் சீசன் இன்னும் தொடங்கவில்லை. ஒரு பந்துகூட வீசப்படவில்லை. ஆனால் நம் புதுச்சேரியில் சண்டை தொடங்கி வெகு நாளாகிறது. இஷா முடிந்து டீக்கடைப் பக்கம் போனால் அதுதான் பேச்சு. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடமும் அதுதான். சாம்சன் வந்தது லாபமா, ஜடேஜாவை விட்டது துரோகமா? பெங்களூரு மறுபடியும் ஜெயிக்குமா, போன வருடம் கிடைத்தது அதிர்ஷ்டமா? இத்தனைக்கும் இந்த ஊருக்கென்று ஐபிஎல்லில் ஒரு அணி கிடையாது. சென்னை பக்கத்தில் இருக்கிறது என்பதால் சென்னை ‘நம்ம டீம்’. கோலியைப் பிடித்தவருக்கு பெங்களூரு ‘நம்ம டீம்’. 2022 டிசம்பரில் கால்பந்து உலகக்கோப்பை இறுதிப் போட்டி பிரான்சுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்தபோது இந்த ஊரில் எத்தனை வீடுகள் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தன என்பதும் உங்களுக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டைப் பார்ப்பதே பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுன் நபவியிலேயே ஈட்டி விளையாடினார்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை அதைப் பார்க்க வைத்தார்கள். உமர் (ரலி) தடுக்கப் போனபோது, விட்டுவிடும்படி சொன்னார்கள். மதீனாவில் குதிரைப் பந்தயம் நடந்தது, இப்னு உமர் (ரலி) அதில் ஓட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் நீங்கள் அடிக்கடி கேட்டதுதான்.

நான் கேட்க வந்த கேள்வி வேறு. ‘நம்ம டீம்’ என்கிறோமே, அதில் ‘நம்ம’ என்பது எது?

ஜடேஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் முதல் ஐபிஎல் இறுதிப் போட்டியில் சென்னையைத் தோற்கடித்த ராஜஸ்தான் அணியில் அவர் ஒரு சின்னப் பையன். அன்று சென்னை ரசிகருக்கு அவர் எதிரி. 2012இல் சென்னைக்கு வந்தார், ‘நம்ம ஆள்’ ஆனார். ஆனாலும் 2023 சீசனில் அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே, அவுட்டானால்தான் தோனி வருவார் என்று சொந்த ரசிகர்களே காத்திருந்தார்கள். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அதே சீசனின் இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட்டது. ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அப்போது அவர் தலையில் தூக்கிவைக்கப்பட்டார். 2025 நவம்பரில் சாம்சனுக்காக அவரைத் திரும்ப ராஜஸ்தானுக்கே மாற்றிக்கொண்டார்கள். இப்போது அவர் யார், நம்மவரா, அந்நியரா?

அஷ்வின் கதை இன்னும் வேடிக்கை. 2019இல் அவர் பஞ்சாப் கேப்டன். ராஜஸ்தானுக்கு ஆடிய பட்லரை, பந்து வீசும் முனையில் கோட்டைத் தாண்டி நின்றதற்காக ரன் அவுட் செய்தார். நாடே இரண்டாகப் பிரிந்தது. நம் ஊர்க்காரர் என்பதற்காகவே பலர் அவர் பக்கம் நின்றார்கள். இன்னும் பலர் ஏமாற்றுக்காரர் என்றார்கள். எத்தனை நட்பு அன்று முறிந்ததோ, அல்லாஹ்வுக்கே தெரியும். 2022இல் அஷ்வினும் பட்லரும் ஒரே ராஜஸ்தான் அணியில், ஒரே நிறச் சட்டையில் விளையாடினார்கள். இவர்களுக்காகச் சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆகிவிட்டார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை.

வீரர் மாறுகிறார், கேப்டன் மாறுகிறார், பயிற்சியாளர் மாறுகிறார். மாறாமல் நிற்பது ஒரு நிறமும், ஒரு கம்பெனி பதிவு செய்து வைத்திருக்கும் பெயரும்தான். அப்படியானால் இந்தப் பாசம் வெறும் பொய்யா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்று ஓர் ஒட்டகம் இருந்தது. எந்தப் பந்தயத்திலும் அது தோற்றதில்லை. ஒருநாள் ஒரு கிராமத்து அரபி தன் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு மனம் வலித்தது. எவ்வளவு பெரியவர்கள்! அவர்களுக்கும் ஓர் ஒட்டகம் தோற்றதில் வருத்தம் வந்தது. நபி (ஸல்) அவர்கள் அந்த வருத்தத்துக்காக அவர்களைத் திட்டவில்லை. உலகத்தில் உயர்ந்து நிற்கும் எதையும் ஒருநாள் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பதை எடுத்துச் சொன்னார்கள். இந்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஐந்து கோப்பை வாங்கிய சென்னை 2025இல் முதல்முறையாகப் பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனபோது எனக்கு அள்பாவின் ஞாபகம்தான் வந்தது.

ஆக, பாசம் பிரச்சினை இல்லை. பிரச்சினை அதற்குப் பிறகு தொடங்குகிறது.

ஆட்டம் நடக்கும்போது வரும் சண்டையை விட, ஆட்டத்துக்கு முன் வரும் சண்டை ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஆட்டம் நடந்தால் ஸ்கோர் வந்து வாயை அடைத்துவிடும். இப்போது அடைக்க எதுவும் இல்லை. 2025 டிசம்பர் ஏலத்தில் சென்னை அணி, அதுவரை ஒரு ஐபிஎல் போட்டிகூட ஆடாத இரண்டு இளைஞர்களை, பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும், தலைக்கு 14.20 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வாங்கியது சரியா தவறா? பதில் யாரிடமும் இல்லை. அவர்கள் ஆடிய பிறகுதான் தெரியும். ஆனால் டீக்கடையில் ஒருவர் ‘எழுதி வச்சுக்கோ’ என்கிறார், மற்றவர் ‘பந்தயம் கட்டுறியா’ என்கிறார். நாளை தான் என்ன சம்பாதிக்கும் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது என்பது சூரா லுக்மானின் கடைசி வசனம். தன் நாளையே தெரியாதவன் அடுத்தவன் நாளைப் பற்றிச் சத்தியம் செய்கிறான்.

பதில் இல்லாத கேள்வியில் இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வருகிறது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் நாவின் ஆபத்துகள் என்று இருபதை எண்ணும்போது, வாதம் செய்து அடுத்தவர் பேச்சை முறிப்பதை நான்காவதாக வைக்கிறார்கள். அதன் வேர் இரண்டு என்கிறார்கள். தன்னை உயர்த்திக் காட்டும் ஆசை ஒன்று. எதிரில் இருப்பவனைக் குறைத்துக் காட்டும் ஆசை மற்றொன்று. இதைப் பாடமாக ஓதிய காலத்தில், ஆலிம்களின் விவாதத்துக்குத்தான் இது என்று நினைத்தோம். இல்லை, டீக்கடைக்கும் இதுதான். ஏலத்தில் எடுத்த பையன் நன்றாக ஆடுவானா என்பது மேலே தெரியும் கேள்வி. உள்ளே இருக்கும் கேள்வி, ‘நீ பெரியவனா, நான் பெரியவனா’ என்பது. அதனால்தான் இடையில் யாராவது ‘விடுங்கப்பா, மேட்ச் வரட்டும் பார்க்கலாம்’ என்றால் இரண்டு பேருக்குமே கோபம் வருகிறது.

‘சும்மா ஜாலிக்குத்தானே ஹழ்ரத்’ என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பெரும்பாலும் ஜாலிதான். ஆனால் நம் மஹல்லாவிலேயே இரண்டு இளைஞர்கள், சின்ன வயதில் ஒரே மதரஸா பெஞ்சில் உட்கார்ந்து ஓதியவர்கள், ஏலம் நடந்த வாரத்தில் வாட்ஸ்அப் குழுவில் வார்த்தை தடித்து, அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். கேலி முதலில் வீரர்மேல் இருந்தது, பிறகு ரசிகர்மேல் வந்தது, பிறகு ஒருவர் தகப்பனார் செய்யும் தொழில்மேல் போனது. ஒரே ஸஃப்பில் தொழுகிறார்கள். ஸலாம் கொடுத்தபின் ஒருவர் வலப்பக்கமாகவும் ஒருவர் இடப்பக்கமாகவும் வெளியேறுகிறார்கள். மூன்று நாளுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனை வெறுத்து ஒதுங்குவது ஹலால் இல்லை என்பது நமக்குத் தெரியும். இவர்களுக்கு வாரங்கள் ஆகிவிட்டன. ஒரு பந்துகூட விழாத சீசனுக்காக!

வெளியே இது இன்னும் தூரம் போகிறது. 2020 அக்டோபரில் சென்னை ஒரு போட்டியில் தோற்றதற்காக, தோனியின் ஐந்து வயது மகளைப் பற்றி இணையத்தில் வாயால் சொல்லக்கூசும் மிரட்டல் வந்தது. அதற்காகப் பிடிபட்டது பதினாறு வயதுச் சிறுவன். 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில் கோலியா ரோஹித்தா என்ற பேச்சு முற்றி, ஒரு நண்பன் இன்னொரு நண்பனை அடித்தே கொன்றான். மது இருந்தது உண்மைதான். ஆனால் மாதத்தைப் பாருங்கள், அக்டோபர். அந்த ஆண்டு ஐபிஎல் மே மாதத்திலேயே முடிந்துவிட்டது.

இது நம் காலத்து நோய் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன், கி.பி. 532இல், கான்ஸ்டாண்டினோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், குதிரை ரதப் பந்தயத்துக்கு நீல அணி, பச்சை அணி என்று ரசிகர் கூட்டங்கள் இருந்தன. நிறத்துக்காகச் சொந்த பந்தத்தையே பகைத்துக்கொண்டவர்களைப் பற்றி அக்காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டங்களிலிருந்து கிளம்பிய கலவரம் மன்னன் ஜஸ்டினியனுக்கு எதிராகத் திரும்பியது. கடைசியில் பந்தய மைதானத்துக்குள்ளேயே சுமார் 30,000 பேர் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள் என்பது அவர் சொல்லும் கணக்கு.

இதில் எனக்கு அதிகம் கவலை தருவது கொலை அல்ல, அது அபூர்வம். தினமும் நடப்பது இன்னொன்று இருக்கிறது, அது தராசு கோணிப்போவது. நம் ஆள் செய்தால் ‘சாமர்த்தியம்’, அதையே அடுத்த அணி செய்தால் ‘ஏமாற்று’. நமக்கு அம்பயர் தவறாகக் கொடுத்தால் ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம், அவர்களுக்குக் கொடுத்தால் பணம் வாங்கிவிட்டார். ஒரு கூட்டத்தார் மேலுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று சூரா மாயிதாவின் 8ஆவது வசனம் எச்சரிக்கிறது. அது யுத்தம் செய்தவர்கள் விஷயத்தில்கூட நீதியைக் கேட்கும் வசனம். பத்து வயதுப் பிள்ளை அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கும்போது கிரிக்கெட்டை மட்டும் கற்றுக்கொள்வதில்லை. ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்து இரண்டு தீர்ப்பு சொல்லலாம் என்பதையும் கற்றுக்கொள்கிறது. நாளை அந்தப் பிள்ளை ஜமாஅத் பஞ்சாயத்தில் உட்காரும்.

அப்படியானால் பக்கம் எடுப்பதே தவறா? இதற்கு புகாரியில் ஓர் அருமையான சம்பவம் இருக்கிறது. அஸ்லம் கூட்டத்தார் இரு பிரிவாக அம்பெறிந்து போட்டியிட்டுக் கொண்டிருந்தார்கள். அந்த வழியாக வந்த நபி (ஸல்) அவர்கள், இஸ்மாயீல் (அலை) அவர்களின் பிள்ளைகளே, எறியுங்கள் என்று உற்சாகப்படுத்தி, தாம் இந்தப் பிரிவோடு இருப்பதாகவும் சொன்னார்கள். கவனியுங்கள், வெளிப்படையாகவே ஒரு பக்கம் எடுத்தார்கள்! உடனே மறுபிரிவு கையை நிறுத்திக்கொண்டது. ஏன் எறியவில்லை என்று கேட்டார்கள். தாங்கள் அவர்களோடு இருக்கும்போது நாங்கள் எப்படி எறிவது என்றார்கள். அவ்வளவுதான். அப்படியென்றால் நான் உங்கள் எல்லோரோடும் இருக்கிறேன், எறியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பக்கம் எடுத்ததும் ஸுன்னத்தில் இருக்கிறது, அதைக் கீழே வைத்ததும் இருக்கிறது. அடுத்தவர் மனம் சுருங்கிய அந்த நொடியிலேயே வைத்தார்கள். வாதம் செய்யவில்லை, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்றும் சொல்லவில்லை. உங்கள் ரசிகத்தனம் எந்த வகை என்று தெரிய வேண்டுமா? இந்த நொடியில் அதைக் கீழே வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது விளையாட்டு. முடியவில்லை என்றால் அதற்கு அரபியில் வேறு பெயர் இருக்கிறது, அஸபிய்யத். ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை அடித்துவிட, இவர் ‘அன்ஸார்களே’ என்றும் அவர் ‘முஹாஜிர்களே’ என்றும் ஆள் கூப்பிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஜாஹிலிய்யக் கூப்பாடு, நாற்றமெடுத்தது என்று கண்டித்தார்கள். அன்ஸார், முஹாஜிர் இரண்டும் குர்ஆனே புகழ்ந்த பெயர்கள். அந்தப் பெயர்களே சண்டைக்கு ஆள் சேர்க்கும்போது நாறும் என்றால், ஏலத்தில் விலைபோன அணியின் பெயர் எம்மாத்திரம்?

இரண்டு சின்ன விஷயங்கள் பாக்கி. பந்தயம் கட்டுவது, டீ வாங்கித் தருவது வரைக்கும்கூட, சூதாட்டத்தின் வாசல்தான். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. செயலி போனது, தெருமுனைப் பந்தயம் போகவில்லை.

அடுத்தது நேரம். மாலைப் போட்டி 7.30க்குத் தொடங்கும், நமக்கு இஷா பாங்கு அதை ஒட்டியே வரும். ஜமாஅத்துக்கு வந்து திரும்பினால் பவர்ப்ளே போய்விடுகிறதே என்று போன வருடம் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். உண்மைதான், ஆறு ஓவர் போகும். வருகிற வழியில் அந்த இரண்டு தம்பிகளில் ஒருவரைப் பார்த்தால் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஏழாவது ஓவரைச் சேர்ந்தே பார்க்கட்டும்.