மீன் காட்டிய ஆசான்

அல்லாஹுத் தஆலா தன் நபிமார்களுள் ஒருவரை ஓர் ஆசானிடம் அனுப்ப நாடினான். அவர்களுக்கு அடையாளமாக அவன் தந்தது என்ன தெரியுமா? ஒரு மீன்! வெள்ளிக்கிழமைதோறும் ஸூரத்துல் கஹ்பு ஓதும் நம் வீடுகளில், இந்த இடத்தில் சற்று நின்று சிந்திப்பவர்கள் எத்தனை பேர்?

ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்களிடம், மனிதர்களில் மிகவும் கற்றவர் யார் என்று கேட்கப்பட்டது. நானே என்றார்கள். அறிவை அல்லாஹ்வின்பால் சேர்க்காமல் விட்டதற்காகக் கண்டிக்கப்பட்டார்கள். இரு கடல்கள் கூடுமிடத்தில் உம்மைவிட அறிந்த அடியார் ஒருவர் உண்டு, கூடையில் மீன் ஒன்றை எடுத்துச் செல்லும், அது தொலையும் இடத்தில் அவரைக் காண்பீர் என்று அறிவிக்கப்பட்டது. உபை இப்னு கஅபு (ரலி) அவர்கள் வழியாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ள வரலாறு இது. அல்லாஹ்வுடன் பேசிய கலீமுல்லாஹ் அவர்கள், கால் நோக நடந்து போய், கிள்ரு (அலை) அவர்களின் முன் நின்று, உங்களைப் பின்தொடரலாமா, உங்களுக்குக் கற்பிக்கப்பட்டதை எனக்கும் கற்பிப்பீர்களா என்று அனுமதி கேட்டார்கள். ஸுப்ஹானல்லாஹ்!

இதை எழுதத் தூண்டியது நாம் கண்ட ஒரு காட்சியே. தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர் ஏரிக்கரையிலும் பக்கத்துப் பீர்க்கன்காரணை ஏரிக்கரையிலும் விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகள் தூண்டிலோடு நிற்கிறார்கள். நல்லதுதான். நீரில் வேட்டையாடுவதை அல்லாஹ் ஹலாலாக்கியிருக்கிறான். இஹ்ராம் கட்டியவருக்குக்கூட அதில் தடையில்லை. ஆனால் பிள்ளைகள் கற்பது கைபேசிப் படத்தைப் பார்த்து. பத்தடி தள்ளி, தலை நரைத்த ஒருவர் வாளி நிறைய மீனோடு அமர்ந்திருப்பார். அவரிடம் போய் ஸலாமோ வணக்கமோ சொல்லி, ஐயா, எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்பவரைக் காணோம்.

கேட்டால் அவர் சொல்வார். தக்கை துடித்தவுடன் சுண்டாதே, அமிழட்டும் என்பார். மீனின் வாய்க்கேற்ற முள்ளைக் கட்டு, உன் நிழல் தண்ணீரில் விழாமல் உட்கார் என்பார். சாக்கடை வந்து விழும் மூலை எது என்பதும் அவருக்குத் தெரியும். இவையெல்லாம் ஒரு மாதத்தில் படிந்துவிடும். அவர் “வேண்டாம்” என்று சொல்வது இருக்கிறதே, அதுதான் எளிதில் படியாத பாடம்.

விரால் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செந்நிறக் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கிப் போகும். அடியில் பெற்ற மீன்கள் காவல் இருக்கும். அங்கே முள்ளைப் போட்டால், தின்பதற்காக அன்று, குஞ்சுகளைக் காப்பதற்காகவே பாய்ந்து கடிக்கும். இதைவிடச் சுலபமான மீன் உண்டா? அங்கேதான் பெரியவர் கையைப் பிடிப்பார். தாயை எடுத்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. கைக்கு வந்ததைத் தட்டிவிட்டாரே என்று பையனுக்கு ஆத்திரம் வரும்.

மூஸா (அலை) அவர்களுக்கும் அப்படித்தான் பொறுக்கவில்லை. கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் மரக்கலத்தை கிள்ரு (அலை) அவர்கள் ஓட்டையாக்கியபோது, இது என்ன கொடுமை என்று கேட்டுவிட்டார்கள். பழுதில்லாத மரக்கலங்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் அப்பால் இருந்தான் என்பது பிரியும்போதுதான் தெரிந்தது. ஆசான் முன்கூட்டியே காரணம் சொல்லவில்லை. இக்காலப் பிள்ளைகளோ காரணம் சொன்னால்தான் கைகட்டுவார்கள்!

கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஸனிக்கிழமைக் கட்டளையை மீறியவர்களின் வரலாறு ஸூரத்துல் அஃராபில் வருகிறது. அவர்கள் மீன்பிடிக்கத் தெரியாதவர்கள் அல்லர். தடுக்கப்பட்ட நாளில் பொறி வைத்து மறுநாள் அள்ளிய கெட்டிக்காரர்கள் என்று தப்ஸீர்கள் கூறுகின்றன. நிறுத்தத்தான் தெரியவில்லை. நம் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதும், மீன் இனம் பெருகுவதற்காக நிறுத்தக் கற்பதற்கே.

அந்தப் பெரியவர் நம் மார்க்கத்தவர் இல்லையே என்று சிலர் தயங்கக்கூடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் சென்றபோது பாதை காட்ட அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அன்று குறைஷியரின் மார்க்கத்திலேயே இருந்தவர். பாலைவழி அறிந்தவர், நம்பத்தக்கவர், அது போதுமாயிருந்தது. நம் பக்கத்தில், அடையாறு கடலில் சேருமிடத்தருகே ஊரூர் குப்பத்தில் எஸ். பாளையம் என்ற மூத்த மீனவர், காற்றையும் நீரோட்டத்தையும் அலையையும் கண்டறியும் தம் அறிவை இளையோருக்கு எடுத்துச் சொல்லிவருகிறார். வாடைக்கும் கச்சானுக்கும் வேறுபாடு தெரியாமல் கடலில் இறங்குகிறவனுக்கு வலை எத்தனை புதிதாக இருந்தென்ன?

நம் வீட்டார் சொல்லி அனுப்ப வேண்டியவையும் சில உண்டு. பல ஏரிகளில் மீன்பாசி குத்தகை விடப்பட்டிருக்கும். விசாரிக்காமல் தூண்டில் போடுவது பிறர் உரிமையில் கை வைப்பதாகலாம். உயிருள்ள தவளையை முள்ளில் கோத்துத் துடிக்கவிடுவதை பிக்ஹு நூலோர் வெறுத்திருக்கிறார்கள். தக்கையைப் பார்த்துக்கொண்டே அஸரைக் களாவாக்கிவிட்டு, வாளியை நிறைத்து வருவதில் என்ன பரக்கத்?

தானாகச் செத்து மிதக்கும் மீனை ஹனபீ மத்ஹபினர் உண்பதில்லை. ஷாபிஈ மத்ஹபில் அது ஆகும். (இறால் விவகாரத்தை இங்கே இழுக்கவில்லை, அதற்கு ஒரு தனி இதழ் வேண்டும்.) ஆனால் தாய்மார்களே, கழிவுநீர் கலக்கும் ஏரியில் விடியற்காலை மீன்கள் வயிறு மேலாக மிதந்தால், அதைப் பிள்ளை அள்ளி வந்தால், மத்ஹபு எதுவானாலும் அடுப்பில் ஏற்றாதீர்கள். கரையிலிருக்கும் அந்தப் பெரியவரும் அன்று தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.