திருந்துவதற்கு உயிர் வேண்டும்

போதைப் பழக்கத்துக்கு ஆளான ஒருவர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறார். ‘இனித் தொடாதீர்கள்’ என்ற அறிவுரையோடு அவரை அனுப்பிவிட்டால் நம் கடமை முடிந்துவிடுமா? ‘தவறித் தொட்டுவிட்டால் உயிரைக் காப்பது எப்படி?’ என்பதையும் கற்பித்து அனுப்பினால், அது தவறுக்குத் துணைபோவதாகுமா?

நம் நாட்டுக்கு இது தொலைவிலுள்ள கேள்வியன்று. 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வறிக்கைப்படி, ஹெராயின் முதலிய அபின் வகைப் பொருள்களால் துன்புற்று உதவி தேவைப்படும் நிலையில் இருந்தோர் ஏறக்குறைய 77 லட்சம் பேர்.

இப்பொருள்கள் அளவு மீறினால், மூச்சை இயக்கும் மூளைப் பகுதி செயல் தளர்கிறது. கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குகிறது. உதடு நீலம் பாரிக்கிறது. தட்டி எழுப்பினாலும் விழிப்பு வருவதில்லை. சில வாரங்கள் விலகியிருந்தவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை உடல் இழந்திருக்கும். மனமோ பழைய அளவையே நினைவில் வைத்திருக்கும். ஆகவே, நோயாளி வீடு திரும்பும் வேளையே இப்பாடத்தைக் கற்பிக்க உரிய வேளை.

பாடம் எளியது. நலோக்ஸோன் என்னும் முறிமருந்தை ஊசியாகவோ, மூக்கில் தெளிப்பாகவோ செலுத்தினால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அதன் ஆற்றல் 30 முதல் 90 நிமிடங்களே நீடிப்பதால் ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும். மூச்சு திரும்பும்வரை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும்; திரும்பியபின் ஒருக்களித்துப் படுக்கவைத்து அருகிலேயே இருக்க வேண்டும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும் என்பதையும் உணர்த்த வேண்டும்.

‘முறிமருந்து இருக்கிறது என்ற துணிச்சல் வந்துவிடாதா?’ என்று சிலர் ஐயுறுவர். இம்மருந்து இன்பம் தருவதன்று. போதையைச் சட்டெனப் பறித்து, வலியையும் நடுக்கத்தையும் வாந்தியையும் தருவது. அத்துன்பத்தை விரும்பி அழைப்பவர் யார்?

இங்கே ஆழ்ந்து நோக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. நினைவிழந்தவர் தமக்குத் தாமே மருந்து செலுத்திக்கொள்ள இயலாது. நோயாளி கற்பது பிறரைக் காப்பதற்கே. அவரைக் காக்க அவருடைய தாயும் மனைவியும் நண்பரும் கற்க வேண்டும். அமெரிக்காவில் 1996-ல் சிகாகோ நகரில் தன்னார்வலர்கள் இம்மருந்தைப் பொதுமக்களிடம் வழங்கத் தொடங்கினர். 2014 ஜூன் வரை அந்நாட்டில் 1,52,283 பேர் இதனைப் பெற்றனர். உயிர் மீட்கப்பட்டதாகத் தெரிவிக்கப்பட்ட நிகழ்வுகள் 26,463. மீட்டவர்களுள் பெரும்பாலோர் தாமும் போதைப்பொருளைப் பயன்படுத்தியவர்களே! எதற்கும் உதவாதவர்கள் என்று உலகம் ஒதுக்கியவர்களின் கைகளே அத்தனை உயிர்களைக் காத்தன. அவ்வாண்டே உலக சுகாதார நிறுவனமும், அருகில் இருக்கக்கூடியோர் அனைவருக்கும் இம்மருந்தும் பயிற்சியும் கிடைக்க வேண்டுமென வழிகாட்டியது.

மூச்சற்றுக் கிடப்பவரின் தகுதியை ஆராய்வது அறமன்று. திருந்தும் நாள் ஒன்று அவருக்கும் வரலாம். அந்நாளைக் காண அவர் உயிரோடிருக்க வேண்டும்.