மேற்கு வாசல் வழியே போகும் கப்பல்கள்

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்குக் கிழக்கு வாசல் வழியாக நுழைந்தவர்கள் அதே வாசல் வழியாகத் திரும்பக் கூடாது என்பது ஊர் வழக்கம். காரணம் இங்கே குழந்தைக்கும் தெரியும். வரகுண பாண்டியன் இரவில் குதிரையில் வந்துகொண்டிருந்தான். வழியில் படுத்துத் தூங்கிய ஓர் அந்தணர் குளம்படியில் மிதிபட்டுச் செத்துப்போனார். அரசன் வேண்டுமென்று செய்யவில்லை, பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் பிரம்மஹத்தி பிடித்துக்கொண்டது. மதுரைச் சொக்கநாதர் வழிகாட்ட, பாண்டியன் இங்கே வந்து கிழக்கு வாசலில் நுழைந்தான். தோஷம் உள்ளே வர மாட்டாமல் வெளியிலேயே நின்றுவிட்டது. அவன் மேற்கு வாசல் வழியாகப் புறப்பட்டுப் போய்விட்டான். அது இன்னமும் காத்துக்கொண்டிருக்கிறதாம். கிழக்கு வாசலில் அதற்குச் சிலையும் உண்டு.

பேயை நம்பாதவனுக்கு இந்தக் கதையில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு உறுத்துவது பேய் அல்ல, கணக்கு. செத்தவர் அந்தணராக இல்லாமல், நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அசதியில் வரப்போரம் சாய்ந்த பண்ணையாளாக இருந்திருந்தால் அந்தப் பாவம் பாண்டியனைத் துரத்தியிருக்குமா? மனுநூலின் பதினோராம் அத்தியாயம் இதற்கு வாய்ப்பாடே வைத்திருக்கிறது. அந்தணரைக் கொன்றதற்கான பரிகாரத்தில் சத்திரியருக்கு நான்கில் ஒரு பங்கு, வைசியருக்கு எட்டில் ஒரு பங்கு, சூத்திரருக்குப் பதினாறில் ஒரு பங்கு. பதினாறில் ஒரு பங்குப் பாவத்துக்கு யாரும் கோபுர வாசலில் சிலை வைக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. செத்தவருடைய வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று கதை விசாரிக்கவே இல்லை. முழுக் கதையும் கொன்றவர் எப்படி விடுபட்டார் என்பதைப் பற்றித்தான். அதற்குப் பிறகு பாண்டியன் இருட்டில் குதிரையை மெதுவாக ஓட்டினானா, முன்னால் ஒரு தீவட்டிக்காரனையாவது அனுப்பினானா? அதுவும் தெரியாது. இதைக் கோயில் நண்பர் ஒருவரிடம் கேட்டபோது, "கதையைக் கதையாப் பாருங்க சார், இதுக்கெல்லாம் வழக்குப் போடுவீங்களா?" என்றார். கதைமேல் போட மாட்டேன். அதே கதை சட்டப் புத்தகத்தில் வந்தால் போட்டுத்தான் ஆக வேண்டும்.

வந்திருக்கிறது. திமிங்கலத்தின் விஷயத்தில்.

நெல் விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு திமிங்கலமா என்று சிரிக்க வேண்டாம். தஞ்சை மாவட்டத்துக்கு அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று கடற்கரையும் உண்டு. தஞ்சை அரண்மனைக்குச் சுற்றுலா போன பிள்ளைகள், தரங்கம்பாடியில் கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்து வாய் பிளந்திருப்பார்கள். இன்னும் தெற்கே, 2016 ஜனவரியில் மணப்பாடு, ஆலந்தலை, கல்லாமொழிக் கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்துக் கடலுக்குள் கொண்டுபோய் விட்டும் சில மறுபடி கரைக்கே வந்தன. பாதிக்கு மேல் செத்தன. அதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கியிருக்கின்றன.

இந்தியச் சட்டம் திமிங்கலத்தை எங்கே வைத்திருக்கிறது? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உயிர்களை அட்டவணை அட்டவணையாக அடுக்கினார்கள். முதல் அட்டவணைக்கு உச்ச பாதுகாப்பு. புலி, யானை, மயில் எல்லாம் அங்கே. அதிலுள்ள உயிரைக் கொன்றால் குறைந்தது மூன்றாண்டு, கூடினால் ஏழாண்டுச் சிறை. திமிங்கல இனங்கள் பெரும்பாலும் அந்த மேல் வரிசையில் இருந்தன. அம்பர்கிரிஸ் என்ற மெழுகுக் கட்டியைத் தரும் எண்ணெய்த் திமிங்கலம் மட்டும் இரண்டாம் அட்டவணையில் கிடந்தது. ஐந்தாம் அட்டவணையில் காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி. இவற்றுக்குப் பெயரே தீங்குயிர்கள், யாரும் கொல்லலாம். நம் வயலில் சாயங்காலம் மூங்கில் கிட்டி நட்டுவிட்டு, விடியலில் நசுங்கிய எலிகளைக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு வருகிறவரை எந்தத் தோஷமும் பின்தொடராது. 2022-இல் வந்த திருத்தம் ஆறு அட்டவணையை நான்காக்கி ஐந்தாவதை எடுத்துவிட்டது. எலிக்கு அதனால் ஒன்றும் விடியவில்லை.

இதுவும் மனுவின் வாய்ப்பாடுதானே என்று அவசரப்பட வேண்டாம். உயிர்களுக்குள் தரம் பிரிப்பதே அநீதி என்று நான் சொல்ல வரவில்லை. கோடிக்கணக்கில் பெருகும் எலியையும் நூற்றுக்குள் எண்ணிவிடக்கூடிய திமிங்கலக் கூட்டத்தையும் ஒன்றாக நடத்துவது அறிவல்ல. ஆனால் பிறப்பை வைத்துப் போட்ட தரம் எந்தக் கணக்கெடுப்புக்கும் அசையாது. எண்ணிக்கையை வைத்துப் போட்ட தரம், எண்ணிக்கை மாறினால் மாறியாக வேண்டும். மாற மறுத்தால் அட்டவணையும் ஒரு வருணம்தான்.

அமெரிக்காவின் 1973-ஆம் ஆண்டு அழிவுநிலை உயிரினச் சட்டம், பட்டியலில் உள்ள ஒவ்வோர் உயிரையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி ஆராயச் சொல்கிறது. வட பசிபிக்கின் கிழக்குப் பகுதிச் சாம்பல் திமிங்கலம் பெருகிவிட்டது என்று 1994-இல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 2016-இல் கூன்முதுகுத் திமிங்கலத்தை மறுபரிசீலனை செய்தபோது, உலகம் முழுக்க ஒரே பெயரில் இருந்த அதை 14 கூட்டங்களாகப் பிரித்தார்கள். ஒன்பதுக்கு இனிப் பாதுகாப்புப் பட்டியல் வேண்டாம் என்றார்கள். ஒன்று ஆபத்தின் விளிம்பில், நான்கு அழிவு நிலையில் என்று நிறுத்தினார்கள். அந்த நான்கில் ஒன்று நம் அரபிக்கடல் கூட்டம்.

மற்ற கூன்முதுகுகள் துருவத்துக்கும் வெப்பக் கடலுக்கும் வலசை போகும். இது அரபிக்கடலை விட்டு வெளியேறுவதில்லை. ஓமன் கரையில் கணக்கெடுத்தபோது நூறுகூடத் தேறவில்லை. 2017 கடைசியில், செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பெண் திமிங்கலம் ஓமனிலிருந்து கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் தென்முனைப் பக்கம் வரை வந்துவிட்டுத் திரும்பியது. இவை இவ்வளவு குறைந்ததற்கு ஒரு காரணம் காகிதத்தில் இருக்கிறது. இல்லை, காகிதத்தில் இல்லாமல் இருந்தது. 1966-இல் கூன்முதுகு வேட்டைக்கு உலக அளவில் தடை வந்தது. அதே ஆண்டு நவம்பரில், அண்டார்டிகாவுக்குப் போகும் வழியில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் புகுந்தன. முந்தைய ஆண்டுக் கணக்கையும் சேர்த்து 242 கூன்முதுகுகளைக் கொன்றன. சர்வதேசத் திமிங்கல ஆணையத்துக்குப் பொய்க் கணக்கு போனது. உண்மை வெளிவர சோவியத் ஒன்றியமே கலைய வேண்டியிருந்தது. தடை இருந்தது, கையெழுத்து இருந்தது, திமிங்கலம் மட்டும் இல்லை.

நம் சட்டத்தில் 61-ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அட்டவணையை மாற்றும் அதிகாரம் தருகிறது. மாற்றலாம், அவ்வளவுதான். இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2022 திருத்தத்துக்கான மசோதாவை ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நாடாளுமன்றக் குழு ஆராய்ந்தபோது, விடுபட்டும் இடம் மாறியும் கிடந்த உயிரினங்களைச் சுட்டிக்காட்டியது. ஐம்பது ஆண்டில் ஒரு தடவை முழு வீட்டையும் பெருக்கினால் குப்பை இருக்கத்தான் செய்யும்.

பகுத்தறிவாளர்களுக்கும் இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. மறுபரிசீலனை என்றால் மேலே ஏற்றுவது மட்டுமல்ல, கீழே இறக்குவதும்தான். மயில் பெருகிவிட்டது என்று 2020-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை சொன்னது. நாற்றங்காலையும் உளுந்தையும் கிளறிவிட்டுப் போகும் மயிலை விரட்டத் தகரம் தட்டும் விவசாயியிடம் கேட்டால் அறிக்கையே வேண்டாம். ஆனால் அதன் இடத்தைப் பற்றிப் பேச எந்தக் கட்சிக்குத் துணிச்சல் உண்டு? முருகன் வாகனம், தேசியப் பறவை. கொல்ல அனுமதி கொடு என்று நான் கேட்கவில்லை. கணக்கைப் பார் என்று சொல்லவே இத்தனை தயக்கமா?

திமிங்கலத்தின் கதையில் அதிகம் மாட்டுகிறவர் யார் தெரியுமா? அம்பர்கிரிஸ் வைத்திருந்தவர். எண்ணெய்த் திமிங்கலம் விழுங்கும் கணவாய்களின் கூரிய அலகுகள் செரிக்காமல் குடலில் தங்க, அவற்றைச் சுற்றித் திரளும் மெழுகுக் கட்டி அது. வெளியேறி மிதந்து கரைக்கு வரும். வாசனைத் திரவியத்துக்கு விலை போகும். 'பல கோடி மதிப்புள்ள திமிங்கல எச்சம் பறிமுதல்' என்ற செய்தி தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. லாட்ஜில் ஒரு பை, வாங்குபவர்போல் நடித்த அதிகாரி, கையைக் கட்டி நிற்கும் நாலைந்து பேர், புகைப்படம். வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் சர்வதேச உடன்படிக்கையோ, திமிங்கலத்தைத் தொடாமல் கிடைத்த அம்பர்கிரிஸைக் கழிவுப்பொருளாகக் கருதித் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. அதை வைத்திருக்கவும் விற்கவும் நம் சட்டம் போட்ட தடைக்கும் நியாயம் உண்டு: பொறுக்கியதா, வயிற்றைக் கிழித்து எடுத்ததா என்று கட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சரி. ஆனால் அந்த நாலைந்து பேரைப் பிடித்ததால் கடலில் எத்தனை திமிங்கலம் கூடியது என்று ஒருவராவது கணக்குக் கேட்க வேண்டாமா?

கொல்வது வேறு ஆள். 2012-இல் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு சரக்குக் கப்பலின் முகப்பில் நீலத் திமிங்கலம் ஒன்று குறுக்கே செத்துக் கிடந்தது. நடுக்கடலில் இப்படி மோதுவது கப்பலில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் உறைப்பதே இல்லை. இலங்கையின் தெற்கே மிரிஸ்ஸ, தேவேந்திரமுனைக்கு அப்பால் நீலத் திமிங்கலங்கள் ஆண்டு முழுக்க இரை தேடும் இடத்தின் மேலேயே உலகின் நெரிசலான கப்பல் தடம் ஓடுகிறது. தடத்தை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் அபாயம் 95 சதவீதம் குறையும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களைத் தானாகவே அப்படித் தள்ளி ஓட்டத் தொடங்கியது. அதிகாரபூர்வத் தடத்தை மாற்றுவதோ ஆண்டுக்கணக்கில் இழுபறி. தெற்கே தள்ளினால் துறைமுக வியாபாரம் போய்விடும் என்ற பயம்.

நீலத் திமிங்கலத்துக்கு இல்லாத சட்ட அந்தஸ்தா? 1979-இலேயே இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயம் ஆகிவிட்டது. சரணாலயம் வேட்டைக்காரனைத் தடுக்கும். கப்பல் ஓட்டுகிறவர் வேட்டைக்காரர் அல்லவே. கொன்றது அவருக்கே தெரியாது. அந்தஸ்தை ஒரு படி உயர்த்துவதற்கு ஓர் அரசாணை போதும், காசு செலவில்லை, கைதட்டும் கிடைக்கும். வேகத்தைக் குறைக்கச் சொன்னால்தான் எண்ணெய்ச் செலவும் நாள் கணக்கும் வந்து நிற்கின்றன.

செலவை ஏற்றுக்கொண்ட எடுத்துக்காட்டு நம் மாவட்டத்திலேயே உண்டு. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். வலையில் மாட்டிய கடற்பசுவை வலையை அறுத்து விட்டுவிடும் மீனவருக்கு வனத்துறை வெகுமதி தருகிறது. கொல்வது கத்தி அல்ல, வலை. வலைக்குச் சொந்தக்காரர் ஏழை. இரண்டையும் பார்த்துப் போட்ட ஏற்பாடு இது. வெகுமதி போதுமா, சமயத்துக்கு வருகிறதா என்பதெல்லாம் தனி வழக்கு.

இனி நம் பக்கம். ஓமனின் சூர் நகரில் இந்தியக் கூட்டுறவு நிறுவனங்களான இஃப்கோவும் கிரிப்கோவும் பங்கு போட்டுக் கட்டிய உர ஆலை இருக்கிறது. அங்கே செய்த யூரியா, அந்த நூறுக்குட்பட்ட கூன்முதுகுகள் வாழும் அதே கடலைக் கடந்துதான் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தது. நாம் போடும் பொட்டாஷும் ஏறக்குறைய முழுக்க இறக்குமதி. குறுவைக்கும் சம்பாவுக்கும் மேலுரம் போடுகிற நாம் இந்தக் கப்பல்களுக்கு வெளியாள் இல்லை. சொசைட்டி வாசலில் யூரியா வரவில்லை என்று வரிசையில் நின்று கத்தும்போது, கப்பலைச் சீக்கிரம் வரச் சொல்லித்தான் கத்துகிறோம். அதில் தப்பு காண நான் வரவில்லை. பயிர் மஞ்சளடித்தால் நானும் கத்துவேன்.

ஆனால் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் ஐம்பது காசுக்கு விற்கிறது. திமிங்கலம் இருக்கும் கடலில் கப்பல்கள் மெதுவாக வர வேண்டும் என்று நாளைக்கே சட்டம் வந்து, அந்தச் செலவை மானியத்தில் மறைக்காமல் மூட்டைக்கு இரண்டு ரூபாய் என்று நேராக நம்மிடமே கேட்டால், திமிங்கலப் படம் போட்ட காலண்டரை வீட்டில் மாட்டியிருக்கும் நம்மில் எத்தனை பேர் கொடுப்போம்?